லூபுக் மெராந்தியில் நான் குடித்த முதல் குவளை

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றைக்கும் தடுமாறுகிறேன். கோடு போட்ட கொப்பியில் எழுதியும் வரிகள் மேலே ஏறிப் போகின்றன. ஜெயந்தி தட்டச்சுச் செய்யும்போது திருத்திக்கொள்வார் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

ஜெயந்தி லண்டனின் தெற்குப் பக்கம், சட்டனில் இருக்கிறார். என் பழைய முதலாளி தனபாலனின் ஒரே மகள். முதலாளியை நாங்கள் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். மலேசியாவில் ஈப்போக்காரர். கடைசிக் காலத்தில் மகளோடு லண்டனில் இருந்தார், போன மாரியில் இறந்துபோனார். அவருக்கு ஒரு நினைவுப் புத்தகம் போடப்போகிறார்கள். செத்தவீட்டில் வைத்தே ஜெயந்தி என்னிடம் கேட்டார்.

"அங்கிள், அப்பா அந்த இந்தோனேசியா கம்பத்தப் பத்தியே பேசிக்கிட்டு இருப்பாரு. நீங்கதானே கூட இருந்தீங்க. ரெண்டு பக்கம் எழுதித் தாங்களேன்."

கம்பம் என்றால் அவர்கள் பேச்சில் கிராமம். "ஓம் பிள்ளை, எழுதித் தாறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று மாதம் போய்விட்டது. கொப்பி மேசையில் கிடக்கும். நான் எழும்பி யன்னலடிக்குப் போவேன். கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைப்பேன். கோட்டை மாட்டிக்கொண்டு இல்ஃபோர்ட் ஸ்டேஷனுக்குப் போய், எலிசபெத் லைன் ரயிலில் ஏறி, எங்கேயோ இறங்கித் திரும்பி வருவேன். எழுதத் தெரியாததால் மட்டும் வந்த தாமதம் இல்லை அது.

என் தொழிலைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. மாமாவோடு கிணறு வெட்டப் போனேன். சண்டை நாட்களில் மலேசியாவுக்குப் போய் பாஸின் குழாய்க்கிணறு அடிக்கும் கம்பனியில் சேர்ந்தேன். இரண்டு வருடம் சேறு சுமந்தேன், பிறகு துளைக்கும் இயந்திரத்தைப் பிடிக்கத் தந்தார். அதற்கும் பிறகு லண்டன். இங்கே தெருவைத் தோண்டித் தண்ணீர்க் குழாய் மாற்றும் வேலையில் பதினேழு வருடம். முழங்கால் இரண்டும் போய்விட்டதால் ஐம்பத்தாறு வயதிலேயே வேலையை விட வேண்டி வந்தது. இவ்வளவுதான் என் வாழ்க்கை. இதில் என்னைத் தூங்கவிடாத பகுதி பன்னிரண்டு நாள்தான். அது லூபுக் மெராந்தியில் நடந்தது.

அது இந்தோனேசியாவின் சுமாத்திராவில், இரண்டு மாகாணங்களின் எல்லையில் இருக்கும் ஊர். மாகாணங்களின் பெயரை எழுதவில்லை. கிணறு வெட்டும் வேலையைப் பாஸின் கம்பனிக்குக் கொடுத்த மாகாண அலுவலகத்தில், நான் சொல்லப்போகும் அலுவலர் இன்னும் வேலையில் இருக்கலாம். அறுபது வீடுகள் இருக்கும். எல்லாம் மரக்கால்களின் மேல் நிற்கும் பலகை வீடுகள். றப்பர் வெட்டிப் பிழைக்கிற சனங்கள். ஊரின் கிழக்கு முனையில் ஒரு எல்லைக் கல் உண்டு. அந்தக் கல் வரைக்கும் பக்கத்து மாகாணம் தார் போட்டிருந்தது. கல்லுக்கு இந்தப் பக்கம் செம்மண். மழை பெய்தால் எங்கள் லொறி கல்லடிக்கு வந்த பிறகுதான் சேற்றிலிருந்து தப்பும். சந்தையும் ஆஸ்பத்திரியும் அந்தப் பக்கம்தான் கிட்ட. ஆனால் இவர்களுடைய இலவச வைத்திய அட்டை அங்கே செல்லாது. இவர்களுடைய சொந்த மாகாணத் தலைநகரம் ஒரு பகல் முழுவதும் ஓடினால்தான் வரும். ஏதாவது கேட்டுப் போனால் இந்தப் பக்கம் "அங்கே கேள்" என்பார்கள், அந்தப் பக்கம் "நீ எங்கள் ஆள் இல்லை" என்பார்கள். ஊர்த்தலைவர் ஹாசன் இதைச் சிரித்துக்கொண்டு சொல்வார். அவர் எதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

குடிக்கிற தண்ணீர் ஆற்றிலிருந்து வந்தது. தேத்தண்ணீர் நிறத்தில் ஓடும் ஆறு. அதிலேதான் குளிப்பு, அதிலேதான் எல்லாமும். கோடையில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வரும். அந்த ஊருக்கு மாகாணம் முதன்முதலாகத் தந்த ஒரு பொருள் எங்கள் கிணறு. வேறு எதுவும் இனி வரும் என்று அங்கே யாரும் நம்பவில்லை.

பாஸின் வேலை முறையைச் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். அதிகமாகத் துடைத்தால் அதிகக் கோபம். துளைக்கும்போது ஒவ்வொரு குழாய் இறங்கிய பிறகும் மேலே வரும் சேற்றை ஒரு கை அள்ளி, நீளப் பலகையில் வரிசையாக வைக்கச் சொல்வார். பத்துக் குழாய் இறங்கினால் பத்துக் குவியல். பிறகு குனிந்து ஒவ்வொன்றிலும் ஒரு நுள்ளு எடுத்து முன்பல்லில் உரசிப் பார்ப்பார். நறநறவென்றால் மணல், வழுவழுவென்றால் களிமண். மணலில்தான் தண்ணீர் ஓடும். துளைக்குள் உறைக்குழாயை இறக்கி, சுற்றிவரச் சல்லி போட்டு, கலங்கல் போகும்வரை நாள் முழுவதும் இறைத்து, கடைசியில் ஒரு வெள்ளை எனாமல் பேசினில் தண்ணீர் பிடித்து விடியும்வரை மூடாமல் வைப்பார். இரும்பு கலந்த தண்ணீர் வரும்போது கண்ணாடி மாதிரித்தான் இருக்கும். காற்றுப் பட்டு ஒரு இரவு போனால் பேசினின் அடியில் செம்மஞ்சளாய்ப் படியும். பேசின் வெள்ளையாக இருந்தால்தான் பாஸ் 'சரி' என்று எழுதுவார்.

லூபுக் மெராந்தியில் அந்த ஒரு இரவை நாங்கள் வைக்கவில்லை.

முப்பத்திரண்டு மீற்றரில் ஒரு மணல் வந்தது. ஒவ்வொன்றும் நான்கு மீற்றராக எட்டு உறைக்குழாய் இறக்கினோம். அலுவலகத்துக் கடதாசியில் முப்பது மீற்றர் போதும் என்று இருந்தது. தண்ணீர் தெளிந்து வந்தது. கைப்பம்பைப் பூட்டிச் சீமெந்து மேடை கட்டி முடித்த அன்று ஊர் முழுவதும் சேர்ந்து ஒரு விருந்து வைத்தார்கள். அது அவர்கள் வழக்கம். புதிதாக எது வந்தாலும் பாய் விரித்து, மஞ்சள் சோறும் கோழியும் நடுவில் வைத்து, பெரியவர் ஒருவர் துஆ என்னும் பிரார்த்தனை ஓதுவார். ஓதி முடிந்ததும் ஹாசனின் மனைவி றொஸ்னா அக்கா கிணற்றிலிருந்து முதல் குவளையைப் பிடித்து வந்தார். பாஸிடம் கொடுப்பார் என்று பார்த்தேன். கிணற்றைத் துளைத்த கைக்குத்தான் முதல் குவளை என்று என்னிடம் நீட்டினார்.

இருநூறு கண்கள் என்னைப் பார்த்தன. எனக்கு நாலு பேர் பார்த்தாலே வேர்க்கும். வாயில் வைத்தவுடன் தெரிந்துவிட்டது, சதக்காசு நாணயத்தை நக்கின ருசி. இரும்பு. கடும் இரும்பு. விழுங்கினேன். அவர்கள் காத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்த சொல்லைச் சொன்னேன்: "சேடாப்." ருசி என்று அர்த்தம். அதுவும் போதாதென்று சிரித்துத் தலையாட்டினேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். பாஸ் தன் சின்னக் கமராவால் படம் பிடித்தார். அவரையும் பம்போடு நிற்கவைத்து நான் ஒன்று எடுத்தேன். அத்தோடு பிலிம் றோல் முடிந்தது. அன்றிரவு பேசினை யாரும் தேடவில்லை. பாஸ் கடதாசியில் 'சரி' என்று எழுதினார்.

மறுநாளே நாங்கள் புறப்பட்டிருக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டது. செம்மண் பாதை இரண்டு இடத்தில் அறுந்தது. எங்களை ஏற்றிப் போக லொறி வராது. அலுவலரும் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவர் அடுத்த வியாழக்கிழமை பக்கத்து மாகாணத்தின் தார் ரோட்டால் சுற்றி வருவார் என்று செய்தி வந்தது. ஆகவே தங்கினோம். ஹாசன் வீட்டில் சாப்பாடு. பின்னேரம் பின்னேரம் றொஸ்னா அக்கா தேத்தண்ணீர் தருவார், நல்ல சிவப்பாக. அவர்கள் பேசுவது மலாய் மாதிரி ஒரு பேச்சு. எனக்கு அரைவாசி விளங்கும். அதை இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

"தம்பி, இன்னும் ஒரு கோப்பை?"

"போதும் அக்கா."

"உங்கட தண்ணியிலதான் போட்டது. குடியுங்கோ."

செவ்வாய்க்கிழமை றொஸ்னா அக்கா எல்லை தாண்டிச் சந்தைக்குப் போயிருந்தார். நானே பம்பில் தண்ணீர் அடித்து, நாங்கள் தங்கிய கொட்டிலுக்குப் பின்னால் சட்டியில் காய்ச்சித் தேயிலையைப் போட்டேன். தண்ணீர் கறுத்தது. சிவப்பு இல்லை, மை போலக் கறுப்பு. இரும்புத் தண்ணீரில் தேயிலை அப்படித்தான் ஆகும், அது எனக்குத் தெரிந்த விஷயம். சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்படியென்றால் ஒரு வாரமாக நான் குடித்த சிவப்புத் தேத்தண்ணீர் எந்தத் தண்ணீர்?

அன்றைக்கு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொட்டிலுக்குள் இருந்து பம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் குடங்களோடு பம்பைத் தாண்டி ஆற்றுக்குப் போனார்கள், வந்தார்கள். பம்பைத் தொடவில்லை. பாஸ் முகம் கழுவ வெளியே வந்தார். உடனே இரண்டு பேர் குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் பம்பை அடி அடியென்று அடித்தார்கள். வாளியை நிரப்பிக்கொண்டு அவருக்கு ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டு நடந்தார்கள். வீட்டு மூலை திரும்பியதும் வாளியை வாழைக்கு ஊற்றினார்கள். அந்த வாழையடி மண் செம்மஞ்சளாக இருந்தது. பம்பு பூட்டிய நாளிலிருந்தே ஊற்றி வந்திருக்கிறார்கள்.

நான் மரியாதைக்காக 'ருசி' என்றேன். அவர்கள் மரியாதைக்காக 'உங்கட தண்ணி' என்றார்கள். வியாழன் அலுவலர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால் அந்த ஊருக்குக் கிணறு கொடுத்தாயிற்று என்று கணக்கு முடிந்துவிடும். பிறகு பத்து வருடம் போனாலும் ஒருவரும் வரமாட்டார்கள். அவர்கள் ஆற்றைத்தான் குடிப்பார்கள்.

பின்னேரம் பாஸிடம் போனேன். மூன்று முறை போய் மூன்று முறை திரும்பினேன். நாலாம் முறை அவரே கேட்டார்.

"என்னா அந்தோணி, கோழி மாதிரி சுத்துற?"

"பாஸ், தண்ணி சரியில்லை."

"எந்தத் தண்ணி?"

"கிணத்துத் தண்ணி. அண்டைக்குக் குடிச்ச உடனேயே எனக்குத் தெரியும். இரும்பு. நான் சொல்லேல்லை."

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். என் கையில் கறுத்த தேத்தண்ணீர்ச் சட்டி இருந்தது. அதை அவர் முன்னால் வைத்தேன்.

"நான் உன் மூஞ்சியப் பாத்தேன்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"நீ முழுங்கினப்போ உன் மூஞ்சிய நான் பாத்தேன், அந்தோணி. தெரிஞ்சிபோச்சி. கையில அஞ்சு குழாய் மிச்சம் இருக்கு, இன்னும் ஆழமா எறக்காம அடுத்த கம்பத்துக்கு வச்சிக்கலாம்னு நெனச்சேன். இவனே ருசின்னு சொல்லிட்டான், நாம ஏன் பேசணும்னு விட்டுட்டேன்."

தகரத்தில் மழை விழும் சத்தம்.

"நீ வந்து சொல்லாம இருந்திருந்தா நான் கையெழுத்து வாங்கிட்டுப் போயிருப்பேன். சொல்லிட்ட. இனிமே தெரியாத மாதிரி நான் இருக்க முடியாது லா" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "வியாழக்கிழமைக்குள்ள முடியுமா?"

"ஏலாது பாஸ்."

"சரி. அப்ப இப்பவே ஆரம்பி."

ஜெயந்தி பிள்ளை, இதை எழுதத்தான் எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

புதன் விடிய பம்பைக் கழற்றினோம். முதலில் பழைய துளையிலிருந்து உறைக்குழாய்களை உருவ வேண்டும். துளைக்கு மேல் மூன்று கால் நிறுத்திய முக்காலியில் சங்கிலி போட்டு, எங்களிடம் இருந்த பாரம் தூக்கும் ஜக்கை அடியில் வைத்து, விரல் விரலாக ஏற்றினோம். இழுத்தால் முறியும், விட்டால் மண் பிடிக்கும். எட்டில் ஏழு வந்தது. எட்டாவது, அடியிலே துவாரம் போட்ட குழாய், இணைப்புப் புரியில் முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. ஏழும் மிச்சம் ஐந்தும் பன்னிரண்டு. நாற்பத்தெட்டு மீற்றர். அதற்குள் இன்னொரு மணல் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இரண்டு கிணறும் இல்லை. ஊர் ஆட்கள் வந்து சுற்றி நின்றார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் கேட்காதது எனக்கு அடி விழுவதைவிட மோசமாக இருந்தது.

பத்து அடி தள்ளிப் புதிய துளை தொடங்கினோம். நான் இயந்திரத்தில் நிற்க, பாஸ் முறிந்த குழாய்க்குப் பதிலாக இன்னொரு குழாயில் அறுக்கும் வாளால் துவாரம் போட்டார். அறுபது வயது மனிதர், மழையில் குந்தியிருந்து, ஒவ்வொரு கீறலாக. பலகையில் சேற்றுக் குவியல்கள் வரிசையாக நீண்டன. முப்பத்திரண்டில் அதே இரும்பு மணல் வந்தது, தாண்டினோம். பிறகு களி, களி, களி. இருட்டியதும் நிறுத்தினோம்.

வியாழக்கிழமை மத்தியானம் அலுவலர் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி வந்தார். அப்போது நாங்கள் நாற்பதில் நின்றோம். பம்பு தரையில் கிடந்தது. மேடையின் நடுவில் ஓட்டை. எங்கும் சேறு. அவர் தோல்பையைத் திறந்து கடதாசியை எடுத்து, கடதாசியையும் சேற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முடிஞ்ச கிணறு எண்டு எழுதியிருக்கு. கிணறு எங்க?"

ஹாசன் சிரித்தார். "கழுவுகினம் ஐயா. சின்ன வேலை. நாளைக்குப் பூட்டிடுவினம். முதல்ல ஒரு தேத்தண்ணி குடிப்பம்."

"கழுவுறதுக்கு ஏன் ரெண்டாவது ஓட்டை?"

ஹாசனுக்குச் சிரிப்பு மட்டும்தான் மிச்சம் இருந்தது. எங்களைக் காப்பாற்றுவதற்காக அந்த மனிதர் பொய் சொல்லி, அந்தப் பொய்யும் தீர்ந்துபோய் நின்றார். பாஸ் கண்ணாடியைக் கழற்றினார். அவர் வாய் திறப்பதற்கு முன் நான் இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். சத்தம் நின்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த உடைந்த மலாயில் சொன்னேன்.

"முதல் கிணறு தண்ணி கெட்டது. நான் குடிச்சேன். கெட்டது எண்டு தெரியும். நல்லது எண்டு சொன்னேன். நான் பொய்."

பின்வரிசையில் நின்ற ஒரு கிழவி, "அப்பாடா" என்றார்.

அவ்வளவுதான். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ஒருத்தி வீட்டுக்கு ஓடிப் போய் ஒரு சோற்றுச் சட்டியைக் கொண்டுவந்து காட்டினாள். இன்னொருத்தி தன் பிள்ளையின் வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்தாள். அது துருப்பிடித்த நிறத்தில் இருந்தது.

"சோறு சாம்பல் நிறமா வந்தது ஐயா. புருசன் சாப்பிடமாட்டன் எண்டிட்டார்."

"தலை முழுகினன், மயிர் கயிறு மாதிரி ஆச்சு."

"அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?" என்றார் அலுவலர்.

றொஸ்னா அக்கா என்னைக் காட்டினார். "அந்தத் தம்பி அவ்வளவு சந்தோசமாக் குடிச்சது. அவையின்ர நாட்டுத் தண்ணி இப்பிடித்தானாக்கும், எங்கட நாக்குக்குத்தான் பழக்கமில்லை எண்டு நினைச்சம். விருந்தாளியிட்ட எப்பிடிச் சொல்லுறது?"

அலுவலருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனிதர்தான். ஆனால் சிரித்து முடித்துக் கடதாசியை மடித்தார்.

பாஸ் கேட்டார், "ரெண்டு நாள் கழிச்சி வர முடியுமா?"

"இந்த வருசம் இந்த ஊருக்கு எனக்கு ஒரு பயணம்தான் தந்திருக்கு. ஓட்டைக்கு நான் கையெழுத்துப் போட ஏலாது, ஐயா." 'பணி முடியவில்லை' என்று எழுதி, ஒரு பிரதியைப் பாஸிடம் கொடுத்துவிட்டு ஏறிப் போனார். எல்லைக் கல்லைத் தாண்டித் தாரில் ஏறியதும் மோட்டார் சைக்கிளின் சத்தம் மாறியது.

பாஸ் அந்தக் கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "எத்தனை மீட்டர்?" என்று கேட்டார்.

"நாற்பது."

"போடு."

நாற்பத்து நாலில் பல்லில் நறநறத்தது. வெள்ளிக்கிழமை உறையை இறக்கி, மேல் மணலின் இரும்புத் தண்ணீர் கீழே வழியாதபடி களி உருண்டை உருட்டிப் போட்டு அடைத்தோம். உருண்டை பிடிக்க ஊர்ப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். அன்றைக்குத்தான் அவர்கள் எங்களைக் கிண்டல் பண்ணத் தொடங்கினார்கள். "தம்பி, இந்தக் களி ருசியா?" என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சனிக்கிழமை இறைத்தோம். பின்னேரம் பாஸ் வெள்ளைப் பேசினைத் தானே கழுவி, தானே பிடித்து, ஹாசன் வீட்டுப் படியில் வைத்தார். ஞாயிறு விடியப் போய்ப் பார்த்தோம். பேசின் வெள்ளையாக இருந்தது. றொஸ்னா அக்கா அந்தத் தண்ணீரில் தேத்தண்ணீர் போட்டு, என்னிடம் தராமல் தானே முதலில் குடித்தார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. "முதல் கிணறு, ஐயா, படு மோசம்" என்று மட்டும் பாஸிடம் சொன்னார்.

இதற்கு மேலே நடந்தது உங்கள் வீட்டுக்குத் தெரியும், காரணம்தான் தெரியாது. பணி முடிக்கவில்லை என்று எழுதப்பட்ட கம்பனிக்கு அந்த மாகாணம் பிறகு வேலை தரவில்லை. பாஸ் அந்த வருடமே இயந்திரத்தை விற்றுவிட்டு ஈப்போவுக்கு வந்துவிட்டார். அப்பா ஏன் திடீரென்று தொழிலை விட்டார் என்று செத்தவீட்டில் உங்கள் சித்தப்பா கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாய் திறக்கவில்லை. பாஸ் இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அதை என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை.

போன வெள்ளிக்கிழமை புத்தகத்தின் அட்டையை எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தீர்கள். பாஸ் பம்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். கீழே 'அப்பா தந்த தண்ணீர்' என்று எழுதியிருக்கிறது. அழகாக இருக்கிறது. ஆனால் அது முதல் கிணறு. அந்தப் படம் நான் எடுத்தது. அந்தக் கிணற்றிலிருந்து ஒருவரும் குடிக்கவில்லை, வாழைதான் குடித்தது. இரண்டாவது கிணற்றுக்குப் படம் இல்லை.

இந்த நாலு நாளும் அந்த அட்டையைத் திறந்து திறந்து பார்த்துவிட்டேன். அதை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம். பாஸின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துப் போடலாம். நான் எழுதியதில் எதைப் போடுவது, எதை விடுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். கோபம் வந்தால் என்னோடுதான் வர வேண்டும், அவரோடு இல்லை. சனிக்கிழமை சட்டனுக்கு வந்து கொப்பியைக் கையில் தருகிறேன். தபாலில் போட்டால் நீங்கள் படிக்கும்போது நான் எதிரில் இருக்க மாட்டேன். இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தோணி
இல்ஃபோர்ட்
2026 மார்ச் 9ஆம் திகதி, திங்கட்கிழமை